ஸ்பீக்கருக்குப் பதில் ஆள்

மைசூர் சௌடையாவின் கவலை, வயலினின் சத்தம் போதவில்லை என்பது. கச்சேரிப் பந்தலுக்கு ஒலிபெருக்கி வராத காலம். பக்கத்தில் பெரிய குரல், மறுபக்கம் மிருதங்கம், எதிரே நூற்றுக்கணக்கில் கூட்டம். 1927 வாக்கில் அவர் மூன்று தந்திகளைக் கூடுதலாகப் பூட்டி, ஏழு தந்தி வயலினைக் கையில் எடுத்தார். பாடகர் செம்பையின் வெண்கலக் குரலுக்குப் பக்கத்தில் பிற்பாடு அந்த வயலின் ஈடுகொடுத்து நின்றதைக் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

நூறாண்டு ஆகப்போகிறது. அதே ஊரில், கோகுலத்திலோ குவெம்பு நகரிலோ, மாடி வீட்டில் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவருக்கு நேர் எதிரான கவலை. அவரிடம் இருப்பது 50 வாட் வால்வு ஆம்ப். கிடார்க்காரர்கள் உயிரை விடும் அந்தக் கரகரப்பும் நீண்டு இழையும் நாதமும், வால்வுகளை அவற்றின் எல்லை வரை விரட்டினால்தான் வரும். அப்படி விரட்டினால் என்ன ஆகும்? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபல் தரும் செலஸ்டியன் ஸ்பீக்கருக்கு 50 வாட் போனால் 115 டெசிபல். காது அந்த அளவை அரை நிமிடத்துக்கு மேல் தாங்குவது நல்லதல்ல என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரைக் கணக்கு. கீழ் வீட்டுக்காரர் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க மாட்டார்.

இதற்கு வந்த தீர்வுதான் லோடு பாக்ஸ். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெட்டியை மாட்டுவது. ஆம்ப் தன் முழு பலத்தையும் அதற்குள் கொட்டும். பெட்டி அதை வெப்பமாக்கிவிடும். ஒரு சொட்டு மின்னழுத்தம் மட்டும் கணினிக்கோ ஹெட்ஃபோனுக்கோ போகும். போஸ்டன் என்ற ராக் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர். இதே குடும்பத்தைச் சேர்ந்த பவர் சோக் என்ற பெட்டியை அவர் 1980 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கடையில் கேட்டால் டூ நோட்ஸ், சூர், யுனிவர்சல் ஆடியோ என்று பெயர்கள் வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: “எத்தனை ஓம் வேணும்?”

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்குத்தான். பெட்டி ஸ்பீக்கருக்குப் பதிலாக வந்த ஆள். வாசலில் பெயர் கேட்டால் “8” என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் அது ஸ்பீக்கர் ஆகிவிடாது.

முதலில் ஒரு பழைய மைசூர்ச் செய்தி. 1935 செப்டம்பரில், மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி தம் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது அங்கேதான். அந்த ஒலிபரப்பியின் திறன் 30 வாட். நம் கிடார்க்காரர் மாடியில் வைத்திருப்பது அதைவிடப் பெரிது! ஊருக்கே செய்தியும் சங்கீதமும் சொன்ன நிலையத்தைவிட அதிகமான மின்திறனை ஒருவர் படுக்கையறையில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமலிருக்க வழி தேடுகிறார்.

வானொலிக்காரர்களிடம் இந்தப் பதில் ஆள் வெகு காலமாக உண்டு. ஒலிபரப்பியைச் சோதிக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு தடையை மாட்டுவார்கள். டம்மி லோடு என்பார்கள். இன்றைக்கு அது பெரும்பாலும் 50 ஓம். அங்கே ஒரே எண் போதும், ஏனென்றால் நிலையம் ஒரே அதிர்வெண்ணை ஒட்டித்தான் இயங்குகிறது. அந்த இடத்தில் ஆன்டெனாவை வெறும் தடைபோல நடந்துகொள்ளும்படி சரிசெய்து வைத்திருப்பார்கள். கிடாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதன் கிளைச்சுரங்கள் 5,000 ஹெர்ட்ஸ் தாண்டிப் போகின்றன. அறுபது மடங்கு அகலம். இந்த அகலத்துக்கு ஒற்றை எண் காணாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

ஆம்பின் பின்பலகையில் “8 ஓம்” என்று எழுதியிருப்பதை ஆம்பின் சொந்த மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) என்று பலர் நினைக்கிறார்கள். கல்லூரியில் படித்த உச்சத் திறன் பரிமாற்றத் தேற்றம் வேறு தலைக்குள் வந்து, “மூலமும் சுமையும் சமமாக இருக்க வேண்டும், அதனால்தான் 8-க்கு 8” என்று விளக்கம் சொல்ல வைக்கும். அந்தத் தேற்றத்துக்கு இங்கே வேலை இல்லை. பின்பலகை சொல்வது, தனக்கு என்ன சுமை வேண்டும் என்பதை மட்டும். வால்வு ஆம்பின் சொந்த மின்மறுப்பு அதைவிட மிக அதிகமாகவே இருக்கலாம். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் அது ஒரு ஓமின் சிறு பின்னம். இரண்டும் பலகையில் “8” என்றே எழுதிக்கொள்ளும்.

வால்வுக்கு ஏன் குறிப்பிட்ட சுமை வேண்டும்? காரணம் நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். மைசூர்ச் சமஸ்தானம் இதில் முன்னோடி: 1902-ல் சிவனசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர்களால் உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அழுத்தம் ஏறினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் குறையும். கம்பியில் இழப்பு குறையும். ஆம்புக்குள் நடப்பது அதன் தலைகீழ். வால்வுகள் நூற்றுக்கணக்கான வோல்ட்டையும் மிகச் சிறிய மின்னோட்டத்தையும் தருகின்றன. ஸ்பீக்கருக்கோ 20 வோல்ட்டும் இரண்டரை ஆம்பியரும் வேண்டும். 8 ஓமில் 50 வாட் என்றால் கணக்கு அதுதான்.

அழுத்தம் ஒரு விகிதத்தில் இறங்கி மின்னோட்டம் அதே விகிதத்தில் ஏறுவதால், இரண்டின் வகுத்தலான ஓம் அந்த விகிதத்தின் வர்க்கமாக மாறித் தெரியும். ஈ.எல். 34 வகை வால்வு இரண்டு சேர்ந்து 50 வாட் தரும் ஆம்புகளில், வால்வுகள் எதிரே சுமார் 3,400 ஓமைப் பார்க்க விரும்புகின்றன. சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ 20.6 என்றால் அதன் வர்க்கம் 425. எட்டை 425-ஆல் பெருக்கினால் 3,400. டிரான்ஸ்ஃபார்மருக்கென்று சொந்தமாக ஓம் கிடையாது. அது பெருக்கல் வாய்பாடு மட்டும்தான். 8 ஓம் முனையில் 16 ஓம் பெட்டியை மாட்டினால் வால்வுகள் 6,800-ஐப் பார்க்கும். 4 ஓமை மாட்டினால் 1,700-ஐ.

குறைவாகப் போனால் வால்வுகளின் வழியே மின்னோட்டம் கூடும், அவை சூடேறிச் சீக்கிரம் கிழடாகும், வெளிவரும் திறனும் குறையும். அதிகமாகப் போனால் கதை வேறு: மின்னோட்டம் ஓட இடமில்லாமல் அழுத்தம் எகிறும். எதையுமே மாட்டாமல் ஆம்பை ஓட்டுவது இதன் உச்சகட்டம். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றலுக்கு வெளியேற வழி இல்லை. மின்னோட்டம் சட்டென்று அறும் கணத்தில் சுருளின் முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கும், அல்லது சுருளின் உறை துளைபடும். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஆம்பின் விலையில் கணிசமான பங்கு போயிற்று. ஃபெண்டர் நிறுவனம் பல ஆம்புகளில் ஸ்பீக்கர் செருகியை உருவினால் முனைகள் தாமாகவே குறுக்கிணைப்பு ஆகும்படி வைத்தது இந்தப் பயத்தில்தான். வால்வு ஆம்புக்குக் கொஞ்ச நேரக் குறுக்கிணைப்பு, திறந்த முனையைவிடச் சின்ன ஆபத்து.

டிரான்சிஸ்டர் ஆம்பில் இது அப்படியே கவிழும். அதில் பெரும்பாலும் இந்த டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. சுமை இல்லாமல் நிற்கலாம், ஒன்றும் ஆகாது. 8-க்குப் பதில் 16 மாட்டினால் திறன் ஏறத்தாழ பாதியாகும், அவ்வளவே. ஆனால் குறைந்தபட்சம் என்று போட்டிருக்கும் எண்ணுக்குக் கீழே போனால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறி டிரான்சிஸ்டர்கள் கருகும். ஆகவே “ஓம் அதிகமானால் பாதுகாப்பு” என்று நண்பர் ஒருவர் சொன்னால், எந்த ஆம்பை வைத்துச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

ஓம் எப்படிக் குறைகிறது என்பதை மைசூர் அரண்மனை வாசலில் நின்று கற்கலாம். தசராவிலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலும் அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் பூக்கும். கணக்குக்காக ஒவ்வொன்றையும் 15 வாட் குண்டு பல்பு என்று கொள்வோம். 230 வோல்ட்டில் எரியும்போது ஒரு பல்பின் தடை சுமார் 3,500 ஓம். பக்க இணைப்பில் இரண்டு பல்பு என்றால் 1,750. லட்சமும் சேர்ந்தால் 0.035 ஓம். எதிர்ப்புகளைக் கூட்டிக்கொண்டே போகிறோம், மொத்த எதிர்ப்போ கரைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு பல்பும் மின்னோட்டத்துக்கு ஒரு புதிய வழி அல்லவா. (நிஜத்தில் அத்தனையையும் ஒரே கம்பியில் யாரும் மாட்ட மாட்டார்கள், பல சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள்.)

லோடு பாக்ஸ் வாங்கியவர்கள் விழும் குழி இதே இடத்தில்தான். ஆம்பில் இரண்டு ஸ்பீக்கர் முனைகள் இருக்கும். ஒன்றில் 8 ஓம் ஸ்பீக்கர் கேபினெட் ஏற்கனவே மாட்டியிருக்கிறது. இன்னொன்றில் 8 ஓம் பெட்டியைச் செருகுகிறார். இரண்டு முனைகளும் உள்ளே பக்க இணைப்பு. இப்போது சுமை 4 ஓம். பெட்டியில் “ஸ்பீக்கர் த்ரூ” என்று ஒரு துளை இருந்தால் அதிலும் கவனம் வேண்டும்: சில பெட்டிகள் கேபினெட்டை மாட்டியதும் தம் உள்சுமையை விலக்கிக்கொள்ளும், சில விலக்காது. கையேட்டில் இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படிப்பது நல்லது.

குண்டு பல்பையே சுமையாக மாட்டினால் என்ன என்ற யோசனை ரேடியோ விரும்பிகளுக்கு அந்தக் காலத்திலேயே வந்தது, செய்தும் பார்த்தார்கள். ஒளியைப் பார்த்தே திறனை ஊகிக்கலாம் என்பது அதில் ஒரு வசதி. ஆனால் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். மெல்ல வாசித்தால் ஒரு சுமை, ஓங்கி அடித்தால் வேறொரு சுமை. இந்த ஆளை நம்பி வால்வு ஆம்பை ஒப்படைக்க முடியாது.

அப்படியானால் நிலையாக 8 ஓம் காட்டும் தடித்த மின்தடை ஒன்று போதுமே? பாதுகாப்புக்குப் போதும். மலிவான பெட்டிகள் பலவற்றில் இருப்பது அதுதான். ஆனால் வாசித்தவர் முகம் சுளிப்பார்: “ஏதோ தட்டையா இருக்கு, கையில ஒட்டல.” அவர் காது பொய் சொல்லவில்லை.

நிஜ ஸ்பீக்கரின் 8 ஓம் என்பது ஒரு வளைகோட்டில் ஓர் இடம் மட்டும். 12 அங்குல கிடார் ஸ்பீக்கரை மூடிய கேபினெட்டில் வைத்து அளந்தால், ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அருகே மின்மறுப்பு ஒரு மலையாக எழும். எட்டின் பல மடங்கு வரை போகும். காகிதக் கூம்பும் அதைத் தாங்கும் விளிம்பும் சேர்ந்து தம் இயல்பான அதிர்வெண்ணில் ஊஞ்சலாடுகின்றன; காந்தத்துக்கு நடுவில் ஆடும் சுருள் தானே ஒரு குட்டி ஜெனரேட்டராகி, வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. கூம்பு எவ்வளவு வீசி ஆடுகிறதோ அவ்வளவு எதிர்ப்பு. மலையைத் தாண்டினால் 400 ஹெர்ட்ஸ் வாக்கில் பள்ளத்தாக்கு. ஸ்பீக்கரின் முதுகில் அச்சிட்ட எண் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்துப் போட்டதுதான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவிதிப்படி மின்மறுப்பு எந்த இடத்திலும் அச்சிட்ட மதிப்பின் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. பிறகு சுருளின் மின்தூண்டலால் கோடு மறுபடி ஏறத் தொடங்கி, உச்ச ஸ்தாயியில் முப்பது நாற்பது ஓம் வரை போகும்.

இனி அந்தப் பழைய செய்தியைச் சேர்த்துப் பாருங்கள்: வால்வு ஆம்பின் சொந்த மின்மறுப்பு அதிகம். எதிரே என்ன இருந்தாலும் தன் மின்னோட்டத்தைத் தள்ளவே அது பார்க்கிறது. ஸ்பீக்கர் எங்கே எதிர்க்கிறதோ அங்கே அழுத்தம் ஏறுகிறது. ஆகவே 100 ஹெர்ட்ஸ் மலையில் ஒரு தூக்கல், உச்ச ஸ்தாயியில் ஒரு மினுமினுப்பு. தடித்த தந்தியின் 82 ஹெர்ட்ஸ் அந்த மலையின் சரிவிலேயே இருப்பதால், உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிக்கும்போது வயிற்றில் ஒரு குத்து விழும். ஆம்பை வடிவமைத்தவர் இதை எல்லாம் கணக்கில் எடுத்தாரோ இல்லையோ, எழுபது வருடமாக நாம் “ராக் கிடார்” என்று கேட்டுப் பழகியது இந்த வளைகோட்டின் நிழலைத்தான். மின்தடைப் பெட்டி மலையையும் ஏற்றத்தையும் இடித்துச் சமவெளி ஆக்கிவிடுகிறது. டிரான்சிஸ்டர் ஆம்பில் இந்த வேறுபாடு ஏறக்குறையத் தெரியாது. அது சுமையைச் சட்டை செய்யாமல் அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும்.

அதனால்தான் ரியாக்டிவ் லோடு என்ற இரண்டாம் வகை. ஒரு பெரிய சுருள், மின்தேக்கி, தடை மூன்றையும் பக்கத்தில் இணைத்து 100 ஹெர்ட்ஸ் மலையைச் செயற்கையாக எழுப்புகிறார்கள். வரிசையில் இன்னொரு சுருளை வைத்து மேல் ஏற்றத்தைக் கொடுக்கிறார்கள். பெட்டி கனமாக இருப்பதும் விலை ஏறுவதும் இந்தச் சுருள்களால். உள்ளே காற்றும் இல்லை, காகிதமும் இல்லை. ஆனால் ஆம்பின் கண்ணுக்கு ஒரு கூம்பு ஆடுவது போலவே இருக்கும்.

இதே சிக்கலை மைசூரிலேயே இன்னொரு கூட்டம் வேறு பெயரில் தினமும் கையாள்கிறது. மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965-ல் தொடங்கப்பட்டது. ஊரார் ஆயிஷ் என்பார்கள். அங்கே பயிலும் செவித்திறன் வல்லுநர்கள் முதலில் கற்பவற்றில் ஒன்று, காதே ஓர் இம்பீடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் என்பது. காற்றில் வரும் ஒலி நேராக உட்செவியின் திரவத்தில் மோதினால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். திரவத்தின் ஒலிமறுப்பு காற்றைப்போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். செவிப்பறையின் பரப்பு அங்கவடி எலும்பின் பாதத்தைப்போல 17 மடங்கு, எலும்புகளின் நெம்புகோல் ஆதாயம் 1.3, பெருக்கினால் அழுத்தம் 22 மடங்கு ஏறுகிறது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் என்ற இரும்புக் கட்டை செய்யும் வேலையை இங்கே மூன்று சிறிய எலும்புகள் செய்கின்றன.

செவிக்கருவியைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் ஆள் பிடிக்க முடியாது. ஆகவே காதுக்கும் ஒரு பதில் ஆள் உண்டு: கப்ளர் என்ற உலோகக் குழி. செவிக்கருவிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது 2 கன சென்டிமீட்டர் குழி. எளிமையானது, எந்த ஆய்வகத்திலும் ஒரே மாதிரி முடிவு தரும். மின்தடைப் பெட்டியின் அண்ணன் என்றே சொல்லலாம். கருவியைச் செருகியபின் காதில் மிஞ்சும் இடமோ இந்தக் குழியைவிடச் சிறிது. அதனால் கப்ளர் காட்டும் அளவைவிட நிஜக் காதில் சத்தம் கூடுதலாக விழும், அதுவும் உச்ச ஸ்தாயியில். கைக்குழந்தையின் செவிக்குழாய் இன்னும் சின்னது. அங்கே வேறுபாடு 10 டெசிபலையும் தாண்டும். கப்ளரை அப்படியே நம்பினால் குழந்தையின் காதுக்கு மிகுதியான சத்தத்தை அனுப்பிவிடுவோம். இதற்காகவே திருத்த அட்டவணைகளும், நிஜக் காதின் வளைகோட்டை ஒட்டி நடக்கும் சிக்கலான செயற்கைக் காதுகளும் வந்தன. கிடார்க்காரர் தவறான பெட்டியை வாங்கினால் நாதம்தான் கெடும். அவர்கள் வேலையில் பணயம் அதைவிடப் பெரிது.

சரி, கடைக்குப் போவோம். ஆம்பில் 4, 8, 16 என்று தேர்வு செய்யும் திருகு இருந்தால் 8 ஓம் பெட்டி வாங்கி, திருகை 8-ல் வையுங்கள். சந்தையில் அதிகம் கிடைப்பது அதுவே. திருகு இல்லாத ஆம்புகளில்தான் யோசிக்க வேண்டும். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கேட்பது 8. ட்வின் ரிவெர்ப் கேட்பது 4, உள்ளே இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பக்க இணைப்பில் இருப்பதால். சூப்பர் ரிவெர்ப்பில் நான்கு. அது கேட்பது 2 ஓம், அதற்குப் பொருந்தும் பெட்டி கிடைப்பது அரிது. பொருந்தாவிட்டால் வால்வு ஆம்பில் இரண்டு மடங்கு வரை ஏறவோ இறங்கவோ பொறுத்துக்கொள்ளும் என்பது பழுது பார்ப்பவர்களின் நடைமுறை விதி. தயாரிப்பாளர் கூடாது என்றிருந்தால் அந்த விதி செல்லாது. நான்கு மடங்குக்குப் போகவே வேண்டாம்.

வாட் கணக்கில் தாராளம் வேண்டும். 50 வாட் என்பது சுத்தமான ஒலிக்குச் சொன்ன கணக்கு. விரட்டப்பட்ட ஆம்பின் அலை சதுரமாகிவிட்டால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை கக்கும். 50 வாட் ஆம்புக்கு 100 வாட் பெட்டி என்பது ஆடம்பரம் இல்லை. சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்ன் நான்கை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியதுபோல வெப்பம் வரும்; அலமாரிக்குள் வைக்காதீர்கள். இணைக்கும் கேபிள் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிடாரில் செருகும் கேபிளும் அதே துளையில் கச்சிதமாகப் பொருந்தும் என்பது ஒரு சாபம்: அதன் மெல்லிய கம்பி இரண்டரை ஆம்பியருக்கு ஆனதல்ல, வாசிக்கும்போது அறுந்தால் ஆம்ப் சுமையில்லாமல் நிற்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பெட்டியின் ஓம் ஆம்பைத் திருப்திப்படுத்தும்; கேட்பவரை அல்ல. பெட்டியிலிருந்து வரும் சமிக்ஞையை நேராக ஹெட்ஃபோனில் கேட்டால் தேனீக்கூட்டம்போல் இரையும். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஸ்பீக்கர் இயல்பாகவே அடக்கிவிடும் கூச்சல் அது. கேபினெட்டின் குணத்தைக் கணினியில் ஏற்றும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு அதற்குத் தனியாக வேண்டும். அந்தக் கோப்பைப் போட்டு ஓம் தவறைச் சரிசெய்ய முடியாது, ரியாக்டிவ் பெட்டி வாங்கிவிட்டதால் கோப்பு வேண்டாம் என்றும் இல்லை.

பழைய பெட்டி ஒன்று கைக்கு வருகிறது, எழுத்தெல்லாம் அழிந்திருக்கிறது என்றால் ஆம்பிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். மீட்டர் நேர்மின்னோட்டத்தில் அளப்பதால் அதற்குச் சுருளின் கம்பித் தடை மட்டுமே தெரியும். 8 ஓம் ஸ்பீக்கர் அதில் 6 முதல் 7 வரை காட்டும், 16 ஓம் ஸ்பீக்கர் 12, 13 வாக்கில். அதனால் பெட்டி 6.5 காட்டினால் விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அநேகமாக அது 8 ஓம் ரியாக்டிவ் பெட்டி. துல்லியமாக 8.0 என்று காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்: உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் மின்தடை, ரியாக்டிவ் விலை கொடுக்காதீர்கள்.